பழுதில்லாத நானூற்றுப் பதினோரு நாள்

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதம் கைக்கு வரும்போது நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். இங்கே நான் நலம், அப்பா நலம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் நலமில்லை. அது இப்போது இந்த வீட்டில் தனி ஆள் மாதிரி ஆகிவிட்டது, காலையில் எழுந்ததும் அவரை விசாரிப்பதற்கு முன்னால் அதை விசாரிக்க வேண்டியிருக்கிறது. மருந்துக் கடைக்கு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் மூட்டு வலியா, நிக்காதீங்க, உட்காருங்க என்று சொல்லுகிற மனிதர் தனக்கென்று ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறார், கேட்டால் முதலாளி உட்கார்ந்தால் வியாபாரமும் உட்கார்ந்துவிடுமாம். நீ ஒரு வார்த்தை சொல்லிப் பார், நீ சொன்னால் வேதவாக்கு, நான் சொன்னால் காற்றோடு போகிற பேச்சு. உன்னைப் பாப்பா என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் ஒன்றாம் தேதியிலிருந்து அறுநூறு பேரை வேலை வாங்கப் போகிற செயல்பாட்டுத் தலைவரை அப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. வீட்டுக்குள் கூப்பிடலாம் என்று அப்பா தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்.

முப்பத்தொரு வருஷம் ஊருக்கெல்லாம் போன் லைன் கொடுத்தவள் கடைசியில் காகிதத்தில் எழுதுகிறாளே என்று உனக்குச் சிரிப்பு வரும், சிரித்துக்கொள். போனில் மூன்று தடவை ஆரம்பித்தேன். முதல் தடவை நீ, அம்மா ஒரு நிமிஷம் இரு, இன்னொரு கால் வருது என்றாய். இரண்டாம் தடவை குழந்தை வந்து விழுந்த பல்லைக் காட்டினான், அதற்கு மேல் யாரால் இந்தப் பேச்சைப் பேச முடியும். மூன்றாம் தடவை உனக்கும் நேரம் இருந்தது, குழந்தையும் தூங்கிவிட்டான், நான்தான் மென்று விழுங்கிவிட்டு அங்கே வெயிலா மழையா என்று கேட்டு வைத்துவிட்டேன். மின்னஞ்சலிலும் எழுதிப் பார்த்தேன். எழுதி அழித்து, எழுதி அழித்து, கடைசியில் என் மேல் ஒரு தப்பும் இல்லாத மாதிரி வழவழவென்று ஒன்று வந்து நின்றது, படிக்க எனக்கே அசிங்கமாக இருந்தது. காகிதத்தில் அடித்தால் அடித்தது தெரியும், அதனால்தான் இது. கூரியர்காரர் ஐந்து நாள் என்கிறார், ஆறு என்று வைத்துக்கொண்டாலும் நீ சங்கத்துக்குப் பேசி அனுப்ப வேண்டிய தேதிக்கு முன்னால் வந்துவிடும்.

விஷயம் அதுதான். செல்போன், பிராட்பேண்ட் கம்பெனிகளின் சங்கம் இந்த வருஷம் எனக்கு வாழ்நாள் கௌரவம் தருகிறது, துறையில் பெரிய நாற்காலிகளில் உட்கார்ந்தவர்களின் பாதை என்று ஒரு புத்தகமும் போடுகிறது, என்னைப் பற்றிய அறிமுகத்தை நீயே எழுதி நீயே பேசி வீடியோவாக அனுப்பப் போகிறாய். நீ எழுதி எனக்குப் பார்க்க அனுப்பியதைப் பத்து தடவை படித்துவிட்டேன். நன்றாக எழுதியிருக்கிறாய், இவ்வளவு நன்றாக எழுதுவாய் என்று தெரிந்திருந்தால் என் பழைய அறிக்கைகளையெல்லாம் உன்னிடமே கொடுத்திருப்பேன். ஆனால் அதை அப்படியே பேசி அனுப்பிவிடாதே. அதில் ஒரு பத்தி பொய். பொய் உன்னுடையது இல்லை, என்னுடையது.

முதலில் சின்னத் திருத்தங்களைச் சொல்லிவிடுகிறேன், பெரியதற்கு வரத் தைரியம் வேண்டியிருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே கோபுரத்தில் ஏறினேன் என்று எழுதியிருக்கிறாய். பாதி ஏறினேன். பாதியில் கீழே பார்த்துவிட்டேன், அப்புறம் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, கோபுரம் ஏறுவதே தொழிலான ரிக்கர் ஒருவர் மேலே வந்து ஒவ்வொரு கம்பியாகக் காலை எடுத்து வைத்து இறக்கிவிட்டார், இறங்கியதும் அழுதேன். பெண்களே இல்லாத துறையில் தனி ஒருத்தியாக என்று எழுதியிருக்கிறாய், தப்பு, எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள், ஒருவர் என்னைவிடக் கெட்டிக்காரி, பிள்ளை பெற்றதும் போனவரை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. காரில் நாலு போனை மடியில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகச் சிக்னல் அளந்தது உண்மை. காரிலேயே சாப்பிட்டது உண்மை. உன் பள்ளிக்கூட நிகழ்ச்சிகளுக்கு ஒன்று விடாமல் வந்தேன் என்பது மகள் பாசம், எடுத்துவிடு, எத்தனைக்கு வரவில்லை என்று எனக்கும் தெரியும் உனக்கும் தெரியும்.

இப்போது அந்தப் பத்தி. அம்மா கட்டுப்பாட்டு அறைத் தலைவராக இருந்தபோது நானூற்றுப் பதினோரு நாள் தொடர்ந்து ஒரு பழுதுகூட இல்லாமல் வலையமைப்பை நடத்தினார், அந்தச் சாதனைதான் அவரைப் பொது மேலாளர் ஆக்கியது, அங்கிருந்து மூன்று மண்டலங்கள், அங்கிருந்து கம்பெனியின் செயல்பாட்டுத் தலைவர் என்று எழுதியிருக்கிறாய். உன் முதல் வேலைக்கான நேர்முகத் தேர்வில் ஏன் இந்தத் துறைக்கு வருகிறாய் என்று கேட்டதற்கும் இதே எண்ணைச் சொன்னாய், வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அதைச் சொன்னாய், அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த எண் நானூற்று நான்கில் நின்றிருக்க வேண்டும். நானூற்று ஐந்தாம் நாள் மதியம் இரண்டு பதினேழுக்கு ஒரு பழுது வந்தது, நாற்பத்து மூன்று நிமிஷம் ஊரின் கிழக்குப் பக்கம் முழுக்க போனும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை.

கட்டுப்பாட்டு அறை உனக்கு நினைவிருக்கும், சுவர் முழுக்கத் திரை, ஒவ்வொரு கோபுரத்துக்கும் ஒரு பச்சைப் புள்ளி, நீ சின்ன வயதில் வந்து எண்ணப் பார்த்தாயே அந்த அறை. அன்றைக்கு அந்தப் பச்சையில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நேரத்தில் சிவப்பானது. பெரிய கருவி ஒன்றில் ஒரு மின்சுற்றுக் கார்டு செத்துப்போயிருந்தது, வேறொன்றும் இல்லை, வயசான கார்டு. பணியில் இருந்த பொறியாளர் மாற்றுக் கார்டைப் போட்டு நாற்பத்து மூன்று நிமிஷத்தில் எல்லாவற்றையும் எழுப்பிவிட்டார், வேறு யாராவது இருந்தால் இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். அவரை நாங்கள் கடிகாரம் என்று கூப்பிடுவோம். எதை எழுதினாலும் நிமிஷம் போட்டு எழுதுவார், சுமாராக இரண்டே கால் என்று அவர் வாயில் வராது, தேநீர் குடிக்கப் போனாலும் மூன்று ஐம்பத்திரண்டுக்குப் போய் நான்கு ஒன்றுக்கு வந்தேன் என்பார், அவரை வைத்துக்கொண்டு எல்லோரும் கேலி செய்வோம், அவரும் சிரிப்பார். அன்றைக்கும் பதிவேட்டில் பழுது, 2.17 முதல் 3.00 வரை என்று எழுதிவிட்டு எனக்குத் தகவல் சொன்னார்.

அடுத்த வாரம் பொது மேலாளர் பதவிக்குத் தேர்வு. நானும் இன்னொரு மண்டலக்காரரும் போட்டி. கம்பெனி வாசலில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் பழுதில்லா நாள் என்று ஒரு பலகை, தினம் காலையில் வரவேற்பாளர் எண்ணை மாற்றுவார், நிர்வாகக் குழுவினர் உள்ளே வரும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான். பழுது என்றால் பலகை பூஜ்யத்துக்குப் போகும். திட்டமிட்ட பராமரிப்பு என்றால் போகாது, நாமே முன்கூட்டிச் சொல்லி நிறுத்தியது பழுது இல்லையே. நான் அவர் மேசைக்குப் போய், இதைப் பராமரிப்புன்னு மாத்திடுங்க என்றேன். பராமரிப்புன்னா அனுமதி எண் கேக்குமே மேடம் என்றார். நான் அப்புறம் போட்டுக்கிறேன் என்றேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்தார், எனக்குக் கீழே ஒன்பது வருஷம் வேலை பார்த்தவர், நான் போடுகிறேன் என்றால் போடுவேன் என்று அவருக்குத் தெரியும். மாற்றினார்.

நான் போடவில்லை. வேண்டுமென்று இல்லை, அதுதான் வேடிக்கை. தேர்வுக்குத் தயார் செய்கிற மும்முரத்தில் மறந்தேன். பராமரிப்புச் சீட்டில் அனுமதி எண் போட மூன்று நாள்தான் அவகாசம், நாலாம் நாள் கணினியில் அந்தக் கட்டம் பூட்டிக்கொள்ளும், யாராலும் திறக்க முடியாது. பின்னால் யாரும் கதை கட்டிவிடக் கூடாது என்று அந்தப் பூட்டைப் போடச் சொன்னவளே நான்தான். ஆறாம் நாள் ஞாபகம் வந்து திறந்து பார்த்தேன், பூட்டியிருந்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று மூடிவிட்டு, மறுநாள் தேர்வுக்குப் போனேன், பலகையில் நானூற்றுப் பதினொன்று, பதவி வந்தது. அன்றைக்கு நாம் எல்லோரும் வெளியே சாப்பிடப் போனோம், நீ உன் கல்லூரித் தோழிகளுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாய்.

தம்பியைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். புது வீட்டுக்குக் குடி போய்விட்டான், எட்டாம் மாடி, காற்று நன்றாக வருகிறது, செல்போன் சிக்னல்தான் வருவதில்லை. அவனும் மருமகளும் துணி காயப்போடும் பால்கனியில் ஈரத் துணிக்கு நடுவில் நின்றுதான் பேசுகிறார்கள். வீடு வாங்குவதற்கு முன் சுவரைத் தட்டிப் பார்த்தான், குழாயைத் திறந்து பார்த்தான், போனை எடுத்துப் பார்க்கவில்லை, இத்தனைக்கும் என் வயிற்றில் பிறந்தவன். இப்போது என்னைப் பிடித்துக்கொண்டு, உங்க ஆளுங்க கிட்ட சொல்லி ஒரு கோபுரம் வைக்கச் சொல்லும்மா என்கிறான், ஏதோ நான் கோபுரத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிற மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர்களும் அப்படித்தான், நான் ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது, இன்டர்நெட் நின்றால் இன்னும் நம் கதவைத்தான் தட்டுகிறார்கள். பார், சொல்ல வந்ததை விட்டுவிட்டுத் தம்பி வீட்டுப் பால்கனியில் நிற்கிறேன். நான் எப்போது இப்படிப் பேச்சை மாற்றுவேன் என்று உனக்குத் தெரியும்.

இரண்டு மாதம் கழித்து வெளியிலிருந்து தணிக்கைக்கு வந்தார்கள். ஊரின் கிழக்குப் பக்கத்தையே நிறுத்தி ஒரு பராமரிப்பு, வாடிக்கையாளர்களுக்கு முன்னறிவிப்பு இல்லை, அனுமதி எண் இல்லை, இது யார் செய்த வேலை என்று கேட்டார்கள். பதிவேட்டில் கடிகாரத்தின் பெயர்தான் இருந்தது. விசாரணைக் குழு வைத்தார்கள், நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் அவர், ஓரத்தில் பொது மேலாளர் என்ற முறையில் நான். மேடம்தான் மாத்தச் சொன்னாங்க, அனுமதி எண் அப்புறம் போட்டுக்கிறேன்னாங்க என்று அவர் சொன்னார், சத்தம்கூட உயர்த்தவில்லை. மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள். அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்லை என்றேன். சொல்லவில்லை என்று சொல்லவில்லை, பார்த்துக்கொள், அவ்வளவு சாமர்த்தியசாலி உன் அம்மா. அவர் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை, மேடம் நிஜமாகவே மறந்திருப்பார்களோ என்று ஒரு கணம் நம்பப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அந்தப் பார்வையைத்தான் பதினாலு வருஷமாக நான் வைத்திருக்கிறேன்.

அனுமதியின்றி வலையமைப்பை நிறுத்தினார் என்று எழுதி அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த வரி என்ன செய்யும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழுதைச் சரி செய்யத் தெரியாதவர் என்று எழுதியிருந்தால்கூட வேறு கம்பெனி எடுத்துக்கொள்ளும், கேட்காமல் நிறுத்துகிறவர் என்றால் எந்தக் கட்டுப்பாட்டு அறையும் உள்ளே விடாது. அப்பா தொழிலில் தெரிந்தே மருந்தை மாற்றிக் கொடுத்தார் என்று பெயர் எடுத்த மாதிரி. எங்கே வேலைக்கு விண்ணப்பித்தாலும் பழைய கம்பெனியைக் கேட்பார்கள், பழைய கம்பெனி அந்த வரியைப் படிக்கும். இப்படி இரண்டு விசாரிப்பு என் மேசைக்கே வந்தது, நான் பணியாளர் பிரிவுக்குத் தள்ளிவிட்டேன். நான் ஒரு படி ஒரு படியாக ஏறினேன், நல்ல வேலையும் செய்தேன், அதையும் சொல்லத்தான் வேண்டும், பிராட்பேண்டை ஆயிரக்கணக்கான வீட்டுக்குக் கொண்டு போனேன், யாரையும் அநியாயமாக நீக்க விடவில்லை, அதற்கப்புறம் என் கீழே ஒருவரும் பதிவேட்டில் ஒரு எழுத்தை மாற்றியதில்லை. அவ்வளவு கண்டிப்பு. அந்தக் கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

நீ அனுப்பியதைப் படித்த மூன்றாம் நாள் கடிகாரம் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்க என் பழைய ஓட்டுநருக்குப் போன் போட்டேன், ஓட்டுநருக்குத் தெரியாத ஆள் இந்தத் துறையில் கிடையாது. அவரா மேடம், பிராட்பேண்ட் லைன் இழுக்கிற கான்ட்ராக்டர் கிட்ட இருக்காரு, எத்தனையோ வருஷமாச்சு என்று இடத்தைச் சொன்னார். அப்பாவிடம் பல் மருத்துவர் என்று சொல்லிவிட்டுப் போனேன், இந்த வயதில் பொய் சொல்லிவிட்டு வெளியே போகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கீழ்த்தளத்தில் ஒரு நீள அறை, இரும்பு அலமாரி நிறைய மஞ்சள் கேபிள் சுருள்கள், மேசையில் கண்ணாடி இழையை ஒட்டுகிற இயந்திரம், பக்கத்தில் ஒரு பெண் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். கடிகாரத்தின் தலை முழுக்க நரைத்திருந்தது, மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். இழையை இயந்திரத்தில் வைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது, அது எனக்கும் தெரிந்தது. உட்காருங்க மேடம், இது முடிய ரெண்டு நிமிஷம் ஆகும் என்றார். முடியைவிட மெல்லிய இழை, கை கொஞ்சம் அசைந்தாலும் போச்சு, அவர் கை அசையவில்லை.

தனியாப் பேசலாமா என்று கேட்டேன். அன்னைக்கு மூணு பேர் முன்னாடிதானே சொன்னீங்க, இன்னைக்கு ஒருத்தர் இருந்தா என்ன என்றார். சீட்டு ஒட்டிய பெண் எழுந்து போகப் பார்த்தார், நீ இரும்மா, வேலையைப் பாரு என்று உட்கார வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, இப்ப ஞாபகம் வந்துருச்சா மேடம் என்று கேட்டார். இப்ப வரல, அன்னைக்கே இருந்துச்சு என்றேன். அதற்கு மேல் நான் தயார் செய்து வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை, மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் இரண்டு மூன்று தடவை வந்தது. அவர் கையைக் காட்டி நிறுத்தினார். மன்னிப்பை நான் எங்க மேடம் வெச்சுக்கப் போறேன், எழுதிக் குடுங்க என்றார். அவ்வளவுதான் கேட்டார். வேலை கேட்கவில்லை, வேறு எதுவும் கேட்கவில்லை.

அந்த மேசையிலேயே எழுதினேன். பழுதைப் பராமரிப்பு என்று மாற்றச் சொன்னது நான், அனுமதி எண் போடுகிறேன் என்று சொன்னது நான், போடாதது நான், விசாரணையில் மறைத்தது நான், அவர் எதையும் நிறுத்தவில்லை, நின்றதை எழுப்பினார். கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேதி எழுதப் போனேன், கை என்ன செய்தது தெரியுமா, பதினாலு வருஷத்துக்கு முந்தைய அந்த நாளின் தேதியை எழுத ஆரம்பித்துவிட்டது. சத்தியமாக யோசித்துச் செய்யவில்லை, அந்தத் தேதி இருந்தால் அவருக்கு இன்னும் நல்லது, அனுமதி அன்றைக்கே கொடுத்த மாதிரி இருக்கும் என்று உள்ளே ஏதோ ஒன்று எனக்கு முந்திக்கொண்டது. அவர் எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். இன்னைக்குத் தேதி போடுங்க மேடம், மணியும் போடுங்க என்றார். வேறு தாள் எடுத்து முதலிலிருந்து எழுதினேன். பதினொன்று நாற்பத்தாறு.

அதை இரண்டு தடவை படித்தார், மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டார். எழுந்து வரும்போது என்ன செய்யப் போறீங்க இதை என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. வீட்டுக்காரிக்குக் காட்டணும் என்றார். அவங்களுக்குத் தெரியாதா, நீங்க சொன்னதில்லையா என்றேன். சொன்னேன் மேடம், முதல் நாளே சொன்னேன், சரின்னா, அதுக்கப்புறம் இந்தப் பதினாலு வருஷத்துல அவ ஒரு தடவைகூட அதைப் பத்திக் கேக்கல, நம்பினதால கேக்கலையா, பாவம் மனுஷன்னு விட்டுட்டாளா, எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது என்றார். அதையும் சத்தம் உயர்த்தாமல்தான் சொன்னார். எனக்கு அங்கேயே அழுகை வந்தது, அவர் முன்னால் அழ எனக்கு என்ன யோக்கியதை என்று வாசலுக்கு வந்து அழுதேன். அந்த அம்மா அதைப் படித்துவிட்டு என்ன சொன்னார் என்று தெரியாது, நான் விசாரிக்கவும் முடியாது.

அன்றைக்குச் சாயங்காலமே மருந்துக் கடைக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே முழுக்கக் கேட்டார். பதவி வந்த சந்தோஷத்துல தூக்கம் வரலைன்னு சொன்னே, ரெண்டு மாசம் மாத்திரை குடுத்தேன், அந்த மாத்திரை எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது என்றார். அப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் காபியை வைத்துக்கொண்டு, பொண்ணுக்கு நீயே எழுது, வேற யார் மூலமாவும் தெரியக் கூடாது என்றார். அதனால் இந்தக் கடிதத்துக்கு அவரும் பாதிப் பொறுப்பு.

அந்தக் காகிதத்தின் நகலைக் கம்பெனிக்கும் சங்கத்துக்கும் அனுப்பிவிட்டேன், உன்னிடம் கேட்டுவிட்டு அனுப்பியிருக்கலாம், கேட்டால் நீ யோசிக்கச் சொல்லுவாய், நான் யோசித்தால் மழுப்பிவிடுவேன். பணியாளர் பிரிவில் மரியாதையாகப் பதில் போட்டார்கள், பத்து வருஷத்துக்கு மேற்பட்ட கோப்புகளை அழித்துவிட்டார்களாம், அப்படி ஒரு விசாரணை நடந்ததற்கே அவர்களிடம் தாள் இல்லை, சட்டப் பிரிவைக் கேட்டுச் சொல்கிறோம் என்கிறார்கள். நான் விடப் போவதில்லை, நீக்கியது தவறு என்று அவர் பெயர் போட்டு ஒரு கடிதம் வரும்வரை வாரம் ஒரு தடவை அந்த வாசலில் போய் உட்காரப் போகிறேன், எனக்கு வேறு என்ன வேலை. சங்கச் செயலாளர் போன் செய்தார். எதுக்கு மேடம் இப்ப இதெல்லாம், அந்த நானூத்திப் பதினொண்ணு வரியை மட்டும் எடுத்துட்டா யாருக்கும் ஒண்ணும் தெரியப் போறதில்லை, வேற எவ்வளவோ செஞ்சிருக்கீங்க என்றார். நல்ல மனிதர், நல்லது செய்வதாகத்தான் நினைத்துச் சொன்னார். நான் அன்றைக்குப் பதிவேட்டில் மாற்றச் சொன்னதும் ஒரு வார்த்தையைத்தான் என்றேன். வியாழக்கிழமை குழு கூடி முடிவு செய்யுமாம். கௌரவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டால் எனக்கு வருத்தம் இருக்கும், இல்லை என்று நடிக்க மாட்டேன், பெட்டியில் புதுப் புடவைகூட எடுத்து வைத்திருந்தேன்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நீ எழுதிய பத்தி போகக் கூடாது. பேசுவதாக இருந்தால் இதில் எழுதியிருப்பதைச் சேர்த்துப் பேசு, பேச முடியாது என்றால் அனுப்பாதே, எனக்குக் கோபம் வராது. அம்மா பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று மட்டும் இறங்கிவிடாதே. உன் கம்பெனியில் இதைப் படிப்பார்கள், இந்தத் துறை எவ்வளவு சின்னது என்று உனக்குத் தெரியும், நீ அந்த நாற்காலியில் உட்காருகிற முதல் மாதத்திலேயே யாராவது வந்து உங்கள் அம்மாவாமே என்று கேட்பார்கள். உன் தலையில் இதை நான்தான் இறக்குகிறேன், அதற்கு உன்னிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். நகல் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன், மாப்பிள்ளையும் படிக்கட்டும், சம்பந்தி வீட்டுக்குச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். என்னை நினைத்துக் கவலைப்படாதே, சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், உண்மையைச் சொன்னால் இப்போது மாத்திரை இல்லாமலே தூங்குகிறேன்.

புது வேலையில் நீ நன்றாக இருப்பாய், என் கெட்டிக்காரத்தனம் உன்னிடம் இருக்கிறது, அப்பாவின் நேர்மையும் இருக்கிறது, இரண்டாவதைக் கொஞ்சம் அதிகமாக வைத்துக்கொள். உன் கீழே வேலை பார்க்கிறவர்களும் அவர்கள் வீட்டில் இருப்பவர்களும் உன்னால் நிம்மதியாக இருக்கட்டும், அதுவே என் ஆசீர்வாதம். மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் எங்கள் அன்பு. குழந்தைக்கு அடுத்த மாதம் தடுப்பூசி இருக்கிறது, வேலை மாறுகிற பரபரப்பில் தேதியை விட்டுவிடாதே.

இதைப் படித்து முடித்ததும் போன் போடு. கத்த வேண்டுமானால் கத்து, திட்ட வேண்டுமானால் திட்டு, அன்றைக்கு ஏன் அப்படிச் செய்தாய், இத்தனை வருஷம் எப்படிச் சும்மா இருந்தாய் என்று என்ன வேண்டுமானாலும் கேள், தெரிந்ததை எல்லாம் சொல்லுகிறேன். பரவாயில்லம்மா விடு என்று சொல்லிவிட்டு, கேட்காமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் பதிலுக்குப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,
அம்மா